மூன்று தலைமுறை, ஒரே கிராமம்: அவசரமில்லாத கிரேக்கக் கடற்கரை விடுமுறைக்கு ஒரு வழிகாட்டி

கிரீஸ் என்றாலே நம் ஆட்களுக்கு சாண்டோரினிதான். வெள்ளைச் சுவர், நீலக் கூரை, அந்தி வெயிலில் ஒரு போட்டோ, முடிந்தது. எழுபது தாண்டிய அப்பா, முழங்கால் தேய்ந்த அம்மா, நடக்கவும் மாட்டேன் தூக்கவும் விடமாட்டேன் என்கிற வயதில் ஒரு குழந்தை, இவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போகிறவர் முதலில் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டியது அந்தத் தீவைத்தான். ஊரே எரிமலைப் பாறையின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கிறது, எங்கே திரும்பினாலும் படிக்கட்டு, கோடையில் சொகுசுக் கப்பல்கள் வந்து நின்றுவிட்டால் சந்துகளில் நகர முடியாது. அதைவிட மோசம், மூன்று நாள் இந்தத் தீவு, மூன்று நாள் அந்தத் தீவு என்று போடுகிற திட்டம். பெட்டி கட்டுவதிலும் துறைமுக வெயிலில் கப்பலுக்குக் காத்திருப்பதிலுமே பெரியவர்களின் விடுமுறை தீர்ந்துவிடும்.

என் கட்சி இதுதான்: ஒரே கிராமம், ஒரே வீடு, குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் பத்து நாள். கிராமத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? கடல், ரொட்டிக்கடை, மளிகைக்கடை, சாப்பாட்டுக்கடை, தங்கும் வீடு, இந்த ஐந்தும் மேடு ஏறாமல் பத்து நிமிட நடைக்குள் இருக்கின்றனவா என்று வரைபடத்தில் பாருங்கள். இருந்தால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். தாத்தா காலையில் தானே போய் ரொட்டி வாங்கி வருவார், பதினைந்து வயதுப் பையன் நினைத்தபோது கடலுக்குப் போவான், பாட்டி போதும் என்று தோன்றினால் யாரையும் தொந்தரவு செய்யாமல் திரும்பி வந்து படுத்துக்கொள்வார். பெரிய குடும்பப் பயணங்கள் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், ஒருவர் கிளம்ப எட்டுப் பேரும் கிளம்ப வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட ஊர்கள் கிரீஸில் நிறைய உண்டு, கிரீட் தீவின் தென்மேற்கில் பலியோஹோரா ஒன்று, நாஃப்பிளியோவுக்குப் பக்கத்தில் தோலோ ஒன்று. நான் இங்கே ஸ்டூபாவை வைத்துச் சொல்கிறேன், மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

ஸ்டூபா ஏன்

கிரீஸின் தெற்கில் இருக்கும் பெலோப்போனிஸ் தீபகற்பத்தின் தெற்கே மானி என்ற பகுதி. முதுகுப்பக்கம் டாய்கெடோஸ் மலை, 2,400 மீட்டருக்கு மேல், மே மாதத்திலும் உச்சியில் கொஞ்சம் பனி தெரியலாம். முன்னால் மெசீனியா வளைகுடா. மலையும் கடலும் நெருங்கி நிற்கிற இந்தக் கரையில் பல ஊர்களில் கூழாங்கல்தான். ஸ்டூபாவில் மட்டும் பிறை வடிவத்தில் நல்ல மணல், கரையோரம் ஆழமும் மெல்லத்தான் கூடுகிறது. மணலுக்குப் பின்னாலேயே ஒரு சாலை, சாலையை ஒட்டி வரிசையாகத் தவெர்னா என்கிற சாப்பாட்டுக்கடைகள், அதற்குப் பின்னால் வீடுகள். வடக்கே கொஞ்சம் நடந்தால் கலோக்ரியா என்ற இன்னொரு மணல் கடற்கரை, தெற்கே சுமார் மூன்று கிலோமீட்டரில் அயோஸ் நிகொலாவோஸ் என்ற மீன்பிடித் துறை. அவ்வளவுதான் ஊர். பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு நீளப் பட்டியல் இல்லாததே இதன் பெரிய வசதி.

ஒரு வேடிக்கை. மலையிலிருந்து நிலத்தடியில் வரும் நன்னீர் இந்த விரிகுடாவில் கடலுக்குள்ளேயே ஊற்றாகக் கிளம்புகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் நின்றுகொண்டிருப்பீர்கள், இரண்டு அடி தள்ளிக் கால் வைத்தால் ஐஸ் மாதிரி சுள்ளென்று பிடிக்கும். குழந்தைகளுக்கு அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு நாள் விளையாட்டு. பெரியவர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் "ஏதோ கடிச்சிடுச்சு" என்று கரைக்கு ஓடிவந்துவிடுவார்கள்.

எப்போது போவது

ஜூன் முதல் பாதி அல்லது செப்டம்பர். செப்டம்பருக்கே என் ஓட்டு, ஏனென்றால் கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போது 25 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், மாதத்தின் இரண்டாவது வாரத்தில் கிரேக்கப் பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டமும் வடிந்துவிடும். மாதக் கடைசியில் இடியோடு ஒரு மழை வரலாம், அது பரவாயில்லை. ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரி சாதாரணம், வெப்ப அலை வந்தால் 40ஐத் தொடும், அதில் வயதானவர்களைக் கூட்டிப்போவது நியாயமே இல்லை. ஆகஸ்ட் 15 மாதாவின் திருநாள், கிரீஸ் முழுக்க சொந்த ஊருக்கும் கடலுக்கும் கிளம்பிவிடும், அந்த வாரம் அறையும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்டால் தலை சுற்றும்.

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையில்தான் முடியும் என்றால் மே கடைசி. வெயில் இதமாக இருக்கும், மலையடிவாரத்தில் காட்டுப்பூக்கள் மிச்சமிருக்கும், ஆனால் கடல் 20 டிகிரிதான். பையன்கள் குதிப்பார்கள், பாட்டி கணுக்காலோடு நிறுத்திக்கொள்வார்.

தீவுகளுக்குப் பதில் இந்தப் பக்கத்தைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் ஏகியன் கடலில் மெல்டெமி என்ற வடகாற்று நாள்கணக்கில் அடிக்கும், சில நாள் படகுகளே ஓடாது. மேற்குப் பக்கத்தில் அதன் வேகம் குறைவு. பிற்பகலில் கடல்காற்று எழும்பி அலை கொஞ்சம் ஆடும், மாலையில் அடங்கிவிடும்.

போய்ச் சேருவது

பக்கத்துப் பெரிய ஊரான கலமாட்டாவில் விமான நிலையம் இருக்கிறது. கோடையில் லண்டன் உட்பட சில ஐரோப்பிய நகரங்களிலிருந்து நேராக வரலாம், அங்கிருந்து ஸ்டூபா ஒன்றேகால் மணி நேரம். இந்தியாவிலிருந்து வருகிற பெரியவர்கள் ஏதென்ஸில் இறங்கி, கலமாட்டா வரைக்கும் நல்ல நெடுஞ்சாலையில் சுமார் 240 கிலோமீட்டர் வர வேண்டும். விமானத்தில் இரவு முழுக்க உட்கார்ந்து வந்தவர்களை அன்றே காரில் ஏற்றாதீர்கள். ஓர் இரவு ஏதென்ஸில் தங்கட்டும், மறுநாள் காலை கிளம்பி, வழியில் கொரிந்து கால்வாயின் பாலத்தில் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். கலமாட்டாவுக்குப் பிறகுதான் சாலை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. வாந்தி வரும் ஆள் யார் என்று உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், அவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள், வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம்.

கார் எடுப்பதாக இருந்தால், இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், இது ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கி வர வேண்டியது. 135 செண்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். எட்டுப் பேர் என்றால் ஒன்பது சீட் வேனைவிட இரண்டு சிறிய கார்கள் மேல். மானியின் பழைய ஊர்களில் சில தெருக்கள் அவ்வளவு குறுகல், தவிர ஒரு கார் பாட்டியோடு திரும்பிவிட்டால் மற்றவர்கள் தங்கலாம். கார் இல்லாமலும் சமாளிக்கலாம், கலமாட்டாவிலிருந்து கேடெல் என்ற வெளியூர்ப் பேருந்து வருகிறது, தினமும் சில நடைகள் மட்டும்.

விசா விஷயம் சுருக்கமாக: இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். கோடைக்கு முன் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு, பெரியவர்களுடையதை முதலில் முடித்துவிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள்.

வீடு

ஹோட்டலில் நான்கு அறை எடுப்பதைவிட, ஒரே முற்றத்தைச் சுற்றி இருக்கிற சமையலறையோடு கூடிய சிறு வீடுகள் இரண்டு மூன்று எடுப்பது நல்லது. எல்லோரும் ஒரே பெரிய வில்லாவில் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டாம் நாளே, அதிகாலையில் எழுந்து பாத்திரம் உருட்டுகிறவருக்கும் ஒன்பது மணி வரை தூங்குகிறவருக்கும் நடுவில் பனிப்போர் தொடங்கிவிடும். கதவு தனித்தனியாக, வராந்தா பொதுவாக, அதுதான் கணக்கு.

பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டியவை: பெரியவர்களுக்குத் தரைத்தளம் உண்டா, வாசலில் எத்தனை படி, குளியலறையில் தொட்டியைத் தாண்டி ஏற வேண்டுமா, தரை வழுக்குமா, ஏசி இருக்கிறதா, கடற்கரைக்குப் போகும் வழி ஏற்றமா. "கடலிலிருந்து 300 மீட்டர்" என்று போட்டிருப்பார்கள், அது செங்குத்தான 300 மீட்டராக இருக்கக்கூடும், படத்தில் கடல் மிக அழகாகத் தெரிந்தால் வீடு மலைமேல் இருக்கிறது என்று அர்த்தம். வாடகைக்கு மேல் அரசு வரி ஒன்று உண்டு, விடுதியின் தரத்தைப் பொறுத்து கோடையில் ஓர் அறைக்கு இரவுக்கு 2 யூரோவிலிருந்து 15 யூரோ வரை, பெரும்பாலும் அங்கே போய்த்தான் கட்டச் சொல்வார்கள். முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் கடைசி நாளில் முகம் சுருங்காது.

இன்னொன்று, வெட்கப்படாமல் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்: கழிவறைக் காகிதத்தை உள்ளே போட்டுத் தண்ணீர் விடக் கூடாது, பக்கத்தில் இருக்கும் கூடையில் போட வேண்டும். அங்கே குழாய்கள் குறுகலானவை, அடைத்துக்கொள்ளும். கை ஷவர் டாய்லெட் பக்கத்தில் அநேகமாக இருக்காது, தண்ணீர் மொள்ள ஒரு மக் கொண்டுபோவதில் தவறே இல்லை.

நாளை இரண்டாக வெட்டுங்கள்

கிரேக்க கிராமத்தில் நாள் இரண்டு ஷிஃப்ட். காலை ஏழரையிலிருந்து பதினொன்றரை வரை ஒன்று, மாலை ஆறுக்கு மேல் இன்னொன்று. நடுவில் மதியத் தூக்கம், அது சும்மா பழக்கம் என்று நினைக்காதீர்கள். கோடையில் 3 மணியிலிருந்து 5.30 வரை அமைதி நேரம் என்று சட்டமே இருக்கிறது, சத்தமாகப் பாட்டுப் போட்டாலோ குழந்தைகள் முற்றத்தில் பந்து அடித்தாலோ பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து கேட்பார், கேட்க அவருக்கு உரிமை உண்டு. நம் பெரியவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடித்துப்போகும். பிடிக்காதவர்கள் நடுவயதுக்காரர்கள்தான், "இவ்வளவு செலவு பண்ணி வந்து தூங்கறதா" என்பார்கள். இரண்டு நாள் விடுங்கள், மூன்றாம் நாள் முதலில் குறட்டை விடுவது அவர்களாகத்தான் இருக்கும்.

காலைக் கடல்தான் சிறந்த கடல். தண்ணீர் தட்டையாக, அடி மணல் தெரிகிற மாதிரி கிடக்கும். வங்கக் கடலின் அலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதலில் நம்பிக்கையே வராது. ஓதமும் அநேகமாகக் கிடையாது, உப்பு அதிகம் என்பதால் உடம்பு தானாக மிதக்கும். அந்த ஊர்ப் பாட்டிகள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் வட்டமாக நின்று ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசுவார்கள், தலைமுடி ஒரு துளி நனையாது. அதைப் பார்த்த பிறகு உங்கள் அம்மாவைத் தண்ணீரில் இறக்க நீங்கள் அதிகம் கெஞ்ச வேண்டியிருக்காது. சுடிதாரோடு இறங்கினாலும் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. நீளமான பருத்தித் துணி ஈரத்தில் கனத்துக் காலைச் சுற்றும், அதற்குப் பதில் லெக்கிங்ஸும் மெல்லிய மேல்சட்டையும் போடச் சொல்லுங்கள்.

அலை இல்லை என்பதற்காகக் குழந்தைகளை அப்படியே விட்டுவிடக் கூடாது. அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்து, முறைக்காரர் போனைப் பையில் போட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். "எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்" என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். பாறை ஓரங்களில் கறுப்பாக முள்ளம்பந்து மாதிரி கடல் முள்ளெலிகள் ஒட்டிக்கொண்டிருக்கும், ரப்பர் ஷூ போட்டால் கவலையில்லை. மணலில் புதைந்திருக்கும் ஒரு சிறு மீனின் முள் குத்துவதும் உண்டு, வலி உயிர்போகும், பொறுக்கக்கூடிய வெந்நீரில் காலை வைத்தால் தணியும்.

கிரீஸில் எல்லாக் கடற்கரையும் பொதுச்சொத்து. சன்பெட் கடைக்காரர் இடத்தை வளைத்துப் போட்டிருந்தாலும், 2024ல் வந்த சட்டப்படி கடற்கரையில் பாதியாவது காலியாக விட வேண்டும், தண்ணீரிலிருந்து நான்கு மீட்டருக்குள் கட்டில் போடக் கூடாது. அதனால் உங்கள் துண்டை விரித்து உட்கார யாரும் தடுக்க முடியாது. இருந்தாலும் பெரியவர்களுக்கு இரண்டு கட்டிலும் ஒரு குடையும் எடுத்துவிடுங்கள், தரையிலிருந்து எழுந்திருப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம். சக்கர நாற்காலியில் இருப்பவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் சீட்ராக் என்று தேடிப் பாருங்கள். தண்டவாளத்தில் ஓடும் நாற்காலி, சூரிய மின்சாரத்தில் இயங்குகிறது, அதில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் நேராகக் கடலுக்குள் இறங்கலாம். கிரீஸில் ஏராளமான கடற்கரைகளில் இலவசமாக வைத்திருக்கிறார்கள், அப்படிப்பட்ட குடும்பத்துக்கு, ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

சாப்பாடு

சைவப் பாட்டியை வைத்துக்கொண்டு கிரீஸா என்று பயப்படுகிறவர்கள் அதிகம். உண்மையில் ஐரோப்பாவில் இதைவிடச் சுலபமான நாடு குறைவு. ஆர்த்தோடாக்ஸ் திருச்சபையில் இறைச்சி, பால், முட்டை விலக்கும் நோன்பு நாட்கள் வருடத்தில் ஏராளம், அதனால் எண்ணெயில் சமைத்த காய்கறி, பயறு வகைகள் அங்கே வீட்டுச் சமையலின் முதுகெலும்பு. தக்காளிச் சாற்றில் சுட்ட பெரிய வெள்ளை மொச்சை யிகாண்டெஸ், கத்தரி, உருளை, சீமைச் சுரைக்காய் எல்லாம் சேர்த்து அடுப்பில் வேகவைத்த பிரியாம், மஞ்சள் பட்டாணி மசித்த ஃபாவா, எலுமிச்சை பிழிந்த கீரை ஹோர்தா, கீரை வைத்துச் சுட்ட ஸ்பனாகோபிதா. தக்காளிக்குள் அரிசி அடைத்த யெமிஸ்தாவில் சில இடங்களில் கொத்துக்கறி கலந்திருக்கும், "ஹோரிஸ் க்ரேயாஸ்?" என்று கேளுங்கள், இறைச்சி இல்லாமலா என்பதற்கு அதுதான். மானியில் கூடுதல் எச்சரிக்கை ஒன்று வேண்டும்: சிக்லினோ என்ற புகையூட்டிய பன்றி இறைச்சி இவர்களுக்கு உயிர், முட்டைப் பொரியலிலும் சாலடிலும்கூடத் தூவிவிடுவார்கள். காலை உணவுக்கு ரொட்டிக்கடையில் லலாங்கியா கிடைத்தால் வாங்குங்கள், ஆலிவ் எண்ணெயில் பொரித்த மாவுக் கயிறு, நம் முறுக்குக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும், தாத்தா காபியில் முக்கியே தீர்த்துவிடுவார்.

உள்ளூர்க்காரர்கள் இரவு ஒன்பதரைக்குமேல்தான் சாப்பிட வருவார்கள். நீங்கள் ஏழரைக்கே போய்விடுங்கள், கடலோர மேசை கிடைக்கும், கரை மேற்கு பார்த்தது என்பதால் சூரியன் கடலில் இறங்குவதும் தெரியும். காகித விரிப்பைப் போட்டு, காற்றில் பறக்காமல் ஓரத்தில் கிளிப் மாட்டி, கேட்காமலே ரொட்டிக்கூடை வைப்பார்கள், அதற்கு ஆளுக்கு ஒரு சிறு தொகை பில்லில் ஏறும், சண்டை போட வேண்டாம். ஆளுக்கு ஒரு தட்டு என்று சொல்லாமல் ஆறேழு தட்டு நடுவில் வைத்துப் பகிருங்கள், அங்கே எல்லோரும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். மீன் கிலோ விலையில் போட்டிருக்கும், எடை போட்டுக் காட்டச் சொல்லிவிட்டுச் சரி என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் பில் வரும்போது நெஞ்சு வலிக்கும். குழந்தை ஓடினால் பரிமாறுகிறவர் முறைக்க மாட்டார், தூக்கி வைத்துக்கொள்வார். பூனைகள் மேசைக்கடியில் வந்து உட்காரும், மீன் தலையை ஒருமுறை போட்டால் இரவெல்லாம் அவை உங்கள் உறவினர்தான்.

எல்லா வேளையும் வெளியே சாப்பிட வேண்டாம். ஒரு வேளை ரசம் சாதம், தயிர் சாதம் பெரியவர்களின் வயிற்றுக்கும் மனசுக்கும் தேவை. அரிசியும் அருமையான தயிரும் அங்கேயே கிடைக்கும், புளி, பெருங்காயம், ரசப்பொடி, ஊறுகாய் மட்டும் பெட்டியில் வையுங்கள். ஆனால் சமைப்பது யார் என்று ஊரிலேயே முறை எழுதிவிடுங்கள், சொல்லாமல் விட்டால் அம்மாவும் பாட்டியும் விடுமுறையிலும் அடுப்படியில்தான் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ரசம் வைப்பது ஒரு மாமாவின் பொறுப்பு என்று போட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

உடம்பு

பக்கத்து அயோஸ் நிகொலாவோஸில் அரசு மருத்துவ நிலையம் உண்டு, பெரிய மருத்துவமனை கலமாட்டாவில். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 166. பச்சைச் சிலுவை எரிகிற கடை மருந்துக்கடை, சின்னச் சின்ன உபாதைகளுக்கு அவர்கள் சொல்வதே போதும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வேதிப் பெயரோடு ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிப் பெரியவர் பையிலும் உங்கள் போனிலும் வையுங்கள், நம் ஊர் பிராண்ட் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. இன்சுலின் இருந்தால் கடற்கரைக்குக் கொண்டுபோகும் பையில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லிக்கொண்டே இருங்கள், பெரியவர்களுக்குத் தாகம் தெரியாது.

வெளியே போவது

மூன்று நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். கர்தமீலி எட்டு கிலோமீட்டருக்குள், கல் கோபுர வீடுகளுள்ள பழைய பகுதியை மாலையில் ஒரு சுற்று சுற்றி வரலாம். தெற்கே ஒரு மணி நேரத்தில் அரியோப்போலி, 1821 மார்ச் 17ல் துருக்கியருக்கு எதிராக மானிக்காரர்கள் கொடி தூக்கிய ஊர். அதைத் தாண்டி டிரோஸ் குகை, உள்ளே தட்டைப் படகில் உட்கார்ந்து நிலத்தடி ஏரியில் போக வேண்டும், தொங்கும் பாறைகளுக்குத் தலையைக் குனிந்து குனிந்து. பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். படகில் ஏறி இறங்குவதும் கடைசியில் நடப்பதும் முழங்கால்காரர்களுக்குக் கஷ்டம், அவர்கள் ஸ்டூபாவிலேயே இருக்கட்டும், வற்புறுத்தாதீர்கள்.

பணம்

பெரிய சண்டைகள் இங்கேதான் பிறக்கும். ஒவ்வொரு பில்லுக்கும் "நான் தரேன், நான் தரேன்" என்று கையைப் பிடித்து இழுப்பதற்குப் பதில், முதல் நாளே ஒவ்வொரு குடும்பமும் ஒரே தொகையைப் பொதுப் பையில் போடட்டும், சம்பாதிக்கிறவர்கள் மட்டும். பையை வைத்திருக்கும் பொறுப்பு கல்லூரி போகும் பிள்ளையிடம், அவர்களுக்குப் பெருமை, கணக்கும் சரியாக இருக்கும். சாப்பாடு, பெட்ரோல், சன்பெட் அதிலிருந்து. ஐஸ்கிரீம், துணிமணி, இரண்டாவது ரவுண்டு பீர் அவரவர் சொந்தம். கார்டு எல்லாக் கடையிலும் வாங்குவார்கள், சில்லறை நோட்டு கொஞ்சம் கையில் இருந்தால் டிப்ஸுக்கு ஆகும். ரசீது கட்டாயம் தர வேண்டும், ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் தர வேண்டியதில்லை என்று மெனு அட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள். தாத்தாவிடம் அதைக் காட்டிவிடாதீர்கள், அப்புறம் ஒவ்வொரு கடையிலும் அவர் அதைச் சோதித்துப் பார்ப்பார்.